தரகு யார் பணத்திலிருந்து வருகிறது? இணைய விளம்பர வலையமைப்புகளின் பரிந்துரைக் கமிஷன் பற்றி ஓர் ஆய்வு

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் முருங்கைக் கட்டு ஏலம் போகும்போது மண்டிக்காரருக்குக் கமிஷன் சேர்கிறது. கேரளத்துக்கு லாரி ஏற்றும் வியாபாரி சரக்குக்குக் கொடுத்த விலையிலிருந்தே அது எடுக்கப்படுகிறது. சரக்கு விலைபோகாவிட்டால் கமிஷனும் இல்லை. நிலக்கோட்டையில் மல்லிகைக்கும் கணக்கு இதுதான். மண்டிக்காரர் தன் கடைக்கே சரக்கு வரவேண்டும் என்று விவசாயிக்கு முன்பணம் கொடுத்துவைப்பதும் உண்டு. அந்த முன்பணம் விவசாயியைக் கட்டிப்போடும் கயிறாகவும் மாறுகிறது. அது தனியே ஆராய வேண்டிய கொடுமை. ஆனால் பணம் பாயும் திசையைக் கவனிக்க வேண்டும். புதிதாக வருபவர் மண்டிக்குள் நுழையக் கட்டணம் கட்டுவதில்லை. மண்டிதான் அவருக்கு முதலில் பணம் தருகிறது. திண்டுக்கல் வட்டாரத்தில் தரகு என்ற சொல் இத்தகைய சந்தைகளில் புழங்கிப் பழகிய சொல். அதனால்தான் கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் வருமானம், ஆள் சேர்த்தால் கமிஷன் என்று ஒரு செயலி அழைக்கும்போது அந்த அழைப்பு மக்கள் காதில் அந்நியமாக ஒலிப்பதில்லை. இரண்டிலும் கமிஷன் என்பது ஒரே சொல். அதன் பின்னாலிருக்கும் பணம் வேறு. அந்த வேறுபாட்டைக் கண்டறியும் அளவுகோல், அடுக்குகளின் எண்ணிக்கையிலோ வாக்களிக்கப்படும் வருமானத்தின் அளவிலோ இல்லை. கமிஷன் வெளியாள் ஒருவரின் ரூபாய்க்காகக் காத்திருக்கிறதா என்ற ஒரே கேள்வியில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இணைய விளம்பரத்தில் அந்த வெளியாள் விளம்பரதாரர். சோப்பு விற்பவரோ கல்லூரி நடத்துபவரோ வலையமைப்புக்குப் பணம் கொடுக்கிறார். வலையமைப்பு தன் பங்கை எடுத்துக்கொண்டு, விளம்பரத்துக்கு இடம் தந்த தளத்தாருக்கு மீதியைத் தருகிறது. உள்ளடக்க விளம்பரங்களில் 68 சதவீதம் தளத்தாருக்குப் போகிறது என்று கூகுள் ஆட்சென்ஸ் 2010இல் வெளிப்படையாக அறிவித்தது. இணைப்புவழி விற்பனையில் கணக்கு இன்னும் தெளிவு. 1996இல் அமேசான் தொடங்கிய முறைப்படி, பரிந்துரைத்தவரின் இணைப்பு வழியே வந்தவர் ஒரு பொருளை வாங்கினால் மட்டுமே கமிஷன். புதிய தளத்தாரை அழைத்து வருவோருக்கு வலையமைப்புகள் தரும் பரிந்துரைத் தொகையும் நேர்மையாக நடக்கும்போது இந்த ஒழுங்கை மீறுவதில்லை. அழைத்து வரப்பட்டவர் உண்மையில் ஈட்டியதில் ஒரு சிறு சதவீதம், அதுவும் வலையமைப்பு தன் பங்கிலிருந்து கொடுப்பது. சதவீதமாக அல்லாமல் ஒரே தொகையாகத் தந்த ஆட்சென்ஸும் தன் பரிந்துரைத் திட்டத்தின் தொடக்க நாட்களில், அழைத்து வரப்பட்டவர் 100 டாலர் ஈட்டிய பிறகே அழைத்தவருக்கு 100 டாலர் தந்தது. அத்தனை கவனமாக வரையறுத்த திட்டத்தையும் அது 2008இல் நிறுத்திவிட்டது.

விளம்பரம் பார்ப்பவருக்கே காசு கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1999இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஆல்அட்வான்டேஜ் நிறுவனம், கணினித் திரையின் ஓரத்தில் விளம்பரப் பட்டை ஓடவிட்டு இணையத்தில் உலாவுவோருக்கு மணிக்கு 50 சென்ட் தந்தது. ஒருவர் நேரடியாகச் சேர்த்தவர் உலாவும் ஒவ்வொரு மணிக்கும் 10 சென்ட், அதற்குக் கீழே மேலும் நான்கு அடுக்குகளுக்கு 5 சென்ட் வீதம் பரிந்துரைப் பணமும் கொடுத்தது. சேருவோரிடம் ஒரு காசும் வாங்கவில்லை. ஒன்றரை ஆண்டில் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். முதலீட்டாளர்களிடமிருந்து ஏறத்தாழ 20 கோடி டாலர் வந்தது. இருந்தும் 2001இல் கடை மூடியது. இந்தத் தோல்வி எனக்கு மிக முக்கியமான சான்றாகப் படுகிறது. இத்தனை கூட்டமும் இத்தனை முதலும் இருந்தும், பார்வையாளரின் கண்ணுக்கு விளம்பரதாரர் கொடுத்த விலை அந்தக் கூலிக்கும் அந்த ஐந்து அடுக்குத் தரகுக்கும் போதவில்லை. காரணம் எளிது. காசுக்காகப் பார்க்கும் கண்ணை விளம்பரதாரர் நாடுவதில்லை. வாங்கும் எண்ணத்தோடு பார்க்கும் கண்ணையே நாடுகிறார். விளம்பரம் பார்ப்பதற்கு ஆட்களுக்குப் பணம் கொடுப்பதை ஆட்சென்ஸ் விதிகள் தடைசெய்வதும் இதனால்தான்.

ஆகவே, அடுத்துவந்த நிறுவனங்கள் ஆல்அட்வான்டேஜைவிட அதிகம் கொடுக்க முடிந்தது எப்படி என்ற கேள்வி எழுகிறது. நொய்டாவில் இயங்கிய அப்லேஸ் இன்ஃபோ சொல்யூஷன்ஸ், இணைப்பைச் சொடுக்கினால் 5 ரூபாய் என்றது. ஆனால் முதலில் 5,750 ரூபாயிலிருந்து 57,500 ரூபாய் வரை கட்டிச் சேர வேண்டும். 2017 பிப்ரவரியில் உத்தரப்பிரதேசக் காவல்துறை அதன் நிறுவனரைக் கைது செய்தபோது, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 3,700 கோடி ரூபாய் அளவுக்குத் திரட்டப்பட்டிருந்ததாகக் குற்றம் சாட்டியது. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட மைவி3 ஆட்ஸ், செயலியில் விளம்பரம் பார்ப்போருக்கு அன்றாடம் பணம், ஆள் சேர்ப்போருக்குக் கமிஷன் என்று மேற்கு மாவட்டங்களில் பரவியது. அதன் உறுப்பினர் படிநிலைகள் சில நூறு ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டின. கட்டிய பணத்துக்கு ஈடாக உடல்நலப் பொருட்கள் தரப்பட்டன. 2024 ஜனவரியில் காவல்துறை வழக்குப் பதிந்தது. தாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. குற்றம் நிகழ்ந்ததா என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். இங்கே பார்க்க வேண்டியது இத்தகைய அமைப்பின் கணக்கு மட்டும்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் முறை காட்டப்படும் விளம்பரத்துக்கு விளம்பரதாரர் 200 ரூபாய் தருகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு பார்வைக்கு 20 காசு. ஒருவர் நாளொன்றுக்கு 100 விளம்பரம் பார்த்தால் வரவு 20 ரூபாய். அதில் 68 சதவீதம் அவருக்கே தந்தாலும் 13 ரூபாய் 60 காசு. ஒரு லட்சத்து இருபதாயிரம் கட்டியவர் இந்த வழியில் தன் முதலைத் திரும்ப எடுக்க 24 ஆண்டுகள் விளம்பரம் பார்க்க வேண்டும். அனுமானித்த விலையைப் பத்து மடங்கு உயர்த்தினாலும் இரண்டரை ஆண்டுகள் ஆகும். இதில் பரிந்துரைக் கமிஷன் இன்னும் சேர்க்கப்படவே இல்லை. சில மாதங்களில் முதல் திரும்பும் என்று ஒரு திட்டம் வாக்களித்து அப்படியே கொடுத்தும் வருகிறது என்றால், அந்தப் பணம் விளம்பரதாரரிடமிருந்து வந்திருக்க வழியில்லை. எஞ்சியிருக்கும் ஒரே ஊற்று அடுத்து ‘ஐடி போட்டவர்’, அதாவது புதிதாகச் சேர்ந்தவர், கட்டிய தொகை. அந்த ஊற்றுக்கும் எல்லை உண்டு. ஒவ்வொருவரும் ஐந்து பேரைச் சேர்த்தால் ஒன்பதாம் அடுக்கு நிறையும்போது மொத்தம் 24 லட்சம் பேர் வேண்டும்; 2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் மாவட்டத்தின் மக்கள்தொகை, கைக்குழந்தைகளையும் சேர்த்து, 21.6 லட்சம்.

தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுப்பதில் இன்னொரு கேடும் இருக்கிறது; அதை இந்த மாவட்டம் வேறொரு தொழிலில் பார்த்திருக்கிறது. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்கு இளம்பெண்களை அழைத்துவந்த தரகர்களுக்கு ஆள் கணக்கில் பணம் கிடைத்தது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்த அந்த ஆள்சேர்ப்பில், மூன்றாண்டு முடிவில் மொத்தத் தொகை, நல்ல விடுதி, பாதுகாப்பு என்ற பேச்செல்லாம் ஊருக்குள் பெற்றோரிடம் போனது தரகர் வாய்வழியாகத்தான். பெண் ஆலைக்குள் போனதுமே தரகரின் கூலி உறுதியாகிவிடும் என்றால், உள்ளே இருப்பதை உள்ளபடி சொல்ல அவருக்கு என்ன காரணம் இருக்கிறது? சரக்கு விற்ற பிறகே கமிஷன் பெறும் மண்டிக்காரர் அழுகிய காயைப் புகழ்ந்து பேசினால் அடுத்த ஏலத்தில் வியாபாரி அவரிடம் வரமாட்டார். ஆள் வந்ததுமே கமிஷன் பெறுபவருக்கு அந்தக் கடிவாளம் இல்லை. விளம்பரச் செயலியில் இது இன்னும் கூர்மை அடைகிறது. அங்கே தரகர் வெளியூர்க்காரர் அல்ல, சித்தி, மாமா, கூட வேலை செய்பவர், சுயஉதவிக் குழுத் தோழி. அவர்கள் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. தங்கள் கணக்கில் விழுந்த பணத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதே அவர்களிடமிருந்தும் மறைக்கப்பட்டிருக்கிறது.

சட்டம் இதை எப்படி அணுகுகிறது? 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம், உறுப்பினர் சேர்க்கையைச் சார்ந்து எளிதாகவோ விரைவாகவோ பணம் ஈட்டும் திட்டங்களைத் தடைசெய்கிறது. பணம் நுழைவுக் கட்டணத்திலிருந்து வந்தாலும் வராவிட்டாலும் தடை பொருந்தும் என்கிறது. சஞ்சயிதா நிறுவனம் தொடர்பான ஸ்வபன்குமார் குஹா வழக்கில் உச்சநீதிமன்றம் 1982இல், எளிதான பணம் என்ற கூறும் உறுப்பினர் சேர்க்கை என்ற கூறும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று விளக்கியது. 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் பிரமிடுத் திட்டங்களை வெளிப்படையாகத் தடைசெய்தன. ஆனாலும் சட்டத்தின் பார்வை வாசலில் நிற்கிறது, கல்லாப்பெட்டிக்குள் போகவில்லை என்பதே என் குறை. பணத்தின் ஊற்று எதுவாயினும் சரி என்று சட்டம் விட்டுவிடுவதால், வழக்கறிஞர்களின் வாதம் முழுவதும் எது எளிதான பணம், எது சேர்க்கை என்ற சொற்பொருளில் சிக்கிக்கொள்கிறது. விளம்பரம் பார்ப்பதும் உழைப்புத்தானே, அது எப்படி எளிதான பணமாகும் என்று எதிர்த்தரப்பு கேட்க இடம் கிடைக்கிறது. விளம்பர வரவு எவ்வளவு என்று கேட்டிருந்தால் அந்த வாதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

பொருள் கொடுத்துத்தானே பணம் வாங்குகிறார்கள் என்பது முதல் மறுப்பு. அமெரிக்க வணிக ஆணையம் 1975இல் காஸ்காட் நிறுவன வழக்கில் இதற்கு ஓர் உரைகல் வகுத்தது: ஆள் சேர்ப்பதற்கான வெகுமதி, இறுதி நுகர்வோருக்கு நடக்கும் விற்பனையோடு தொடர்பற்றதாக இருக்கிறதா? உறுப்பினர் பதவி இல்லையென்றால் அதே பொருளை அதே விலைக்கு எத்தனை பேர் வாங்குவார்கள் என்பது தெரிந்தால் விடை தெரிந்துவிடும். சீட்டும் இப்படித்தானே என்பது இரண்டாவது. சீட்டில் இருபது பேர் கட்டிய தொகையே இருபது பேருக்குப் பிரிகிறது. கட்டியதற்கு மேல் மொத்தத்தில் ஒரு ரூபாயும் வாக்களிக்கப்படுவதில்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. 2024 ஜனவரி 29 அன்று கோவை நீலாம்பூரில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் திரண்டு மைவி3 ஆட்ஸ் நிறுவனத்துக்கு ஆதரவு காட்டினார்கள். பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுபவர்களே புகார் இல்லை என்னும்போது அரசு ஏன் நுழைய வேண்டும்? அந்தக் கூட்டத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. அவர்களில் பலருக்குப் பணம் வந்துகொண்டிருந்தது என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் புதியவர் பணத்தில் ஓடும் எந்தத் திட்டத்திலும், வரவு தொடரும்வரை எல்லோருக்கும் பணம் வந்துகொண்டுதான் இருக்கும். புகார் இல்லாமை அந்தக் கட்டத்தின் இயல்பு; திட்டத்தின் நேர்மைக்குச் சான்றாகாது. போதாக்குறைக்கு, தனக்குக் கீழே பத்துப் பேரைச் சேர்த்துவிட்டவர் புகார் கொடுத்தால் தன் சொந்தங்களிடமே பதில் சொல்ல நேரும். அந்த அச்சத்தோடுதான் அவர் சாலையில் நிற்கிறார். வீட்டிலிருந்தபடி ஈட்டக்கூடிய வேறு வருமானம் இல்லாத பெண்களுக்கு இச்செயலிகள் என்னவாக இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. அந்தத் தேவை நியாயமானது, அதற்கு இவை தந்த விடைதான் நிலைக்காதது.

எல்லாப் பரிந்துரைத் திட்டங்களையும் தடைசெய்யச் சொல்வது என் நோக்கமல்ல. அப்படிச் செய்தால், சின்னாளப்பட்டிச் சேலையைத் தன் காணொளியில் காட்டி விற்றுக்கொடுத்துக் கமிஷன் பெறுபவரின் நேர்மையான பிழைப்பும் போய்விடும். தேவை ஒன்றுதான். விளம்பரம் பார்ப்பதற்கோ ஆள் சேர்ப்பதற்கோ பணம் தரும் எந்த நிறுவனமும், காலாண்டுக்கு ஒருமுறை, தணிக்கையாளர் சான்றோடு மூன்று தொகைகளைத் தன் செயலியின் முகப்பிலேயே தமிழில் வெளியிட வேண்டும்: விளம்பரதாரர்களிடமிருந்து வந்தது, உறுப்பினர்களிடமிருந்து வந்தது, உறுப்பினர்களுக்குக் கொடுத்தது. மூன்றாவது தொகை முதலாவதைத் தாண்டும் நாளில் புதிய சேர்க்கை நிற்க வேண்டும். அதற்காக வழக்குக்கும் புகாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.