பொறியும் அயல்மொழிக் கல்வியும்: அமெரிக்க அனுபவம் (1954–2023)

முன்னுரை

செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்க்கவும் உரையாடவும் வல்லதாகிவிட்ட இக்காலத்தில், அயல்மொழி கற்பிக்க ஆசிரியர் தேவையா என்னும் வினா எழுந்துள்ளது. இவ்வினா புதியதன்று, அமெரிக்காவில் எழுபது ஆண்டுகளாக வெவ்வேறு வடிவங்களில் எழுந்து வருகிறது. பொறியின் ஆற்றலைக் காட்டிலும், மொழியை எதற்காகக் கற்கிறோம் என்னும் புரிதலே அதற்கான விடையைத் தீர்மானித்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மொழிபெயர்ப்புப் பொறி

1954 சனவரி 7 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் இணைந்து நியூயார்க்கில் ஒரு செயல்விளக்கம் நடத்தின. 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் கொண்டு, அறுபதுக்கும் மேற்பட்ட உருசியத் தொடர்களைக் கணினி ஆங்கிலத்தில் பெயர்த்தது. சில ஆண்டுகளிலேயே இச்சிக்கல் தீர்ந்துவிடும் என்னும் நம்பிக்கை பரவியது. உருசிய அறிவியல் இதழ்களைப் படித்தறிவது பனிப்போர்க் காலத்தின் தேவையாக இருந்தமையால் அரசு நிதியும் பெருகியது.

1966இல் வெளிவந்த அல்பாக் குழுவின் அறிக்கை இந்நம்பிக்கையைத் தகர்த்தது. பொறிமொழிபெயர்ப்பு, மனிதர் செய்யும் மொழிபெயர்ப்பைவிட மெதுவானது, துல்லியம் குறைந்தது, செலவு மிக்கது என அது மதிப்பிட்டது. மேலும், 200 மணி நேரத்திற்குள் ஓர் அறிவியலாளர் தம் துறைசார்ந்த உருசியக் கட்டுரைகளைப் படிக்கும் திறனைப் பெற்றுவிட இயலும் என்றும் சுட்டிக்காட்டியது. பொறியை ஆராய அமைந்த குழுவே மொழிக்கல்வியின் பயனை எடுத்துரைத்தது இங்குக் கருதத்தக்கது.

ஒலிக்கூடமும் பிளேட்டோவும்

1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அதன் எதிரொலியாக 1958இல் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அயல்மொழிக் கல்விக்கு நிதி வழங்கியது. பள்ளிகளில் மொழி ஆய்வுக்கூடங்கள் பெருகின. மாணவர் ஒலிநாடாவைக் கேட்டுத் தொடர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினர். மொழி என்பது பழக்கத்தால் அமைவது என்ற நடத்தையியல் கொள்கையே இதன் அடிப்படை. ஆயின், ஒலிநாடாவால் மாணவரின் பிழையை உணர முடியவில்லை.

1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பிளேட்டோ கணினி அமைப்பு, பின்னர் உருசியம், பிரெஞ்சு, இலத்தீன் முதலிய மொழிப் பாடங்களில் விடைகளைத் திருத்தியது. எனினும், முன்கூட்டியே வகுக்கப்பட்ட விடைகளின் எல்லையை அது தாண்டவில்லை. பொருளை விளக்கும் பணி ஆசிரியரிடமே நின்றது.

இன்றைய நிலை

2022 நவம்பரில் வெளிவந்த சாட்ஜிபிடி இவ்வெல்லையைக் கடந்தது. அது பிழையைத் திருத்துவதோடு காரணமும் கூறுகிறது. எனினும், ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல்லுக்கு உருசியத்தில், தமிழின் ‘நீ’, ‘நீங்கள்’ போல, இரு சொற்கள் உள்ளன. தனித்த ஒரு தொடரிலிருந்து பேசுவோர் உறவைப் பொறி அறிய இயலாது. கற்பவரே அதனை உணர்த்த வேண்டும். அவ்வேறுபாடு உண்டென்பதையே அறியாதவர் அதனை எங்ஙனம் உணர்த்துவார்?

2023இல் நிதிப் பற்றாக்குறையை எதிர்கொண்ட வெஸ்ட் வர்ஜினியா பல்கலைக்கழகம், தன் உலக மொழிகள் துறையைக் கலைக்க முன்மொழிந்தது. மாற்று வழிகளுள் ஒன்றாக மொழிச் செயலியையும் கருதியது. எதிர்ப்புக்குப் பின் சில ஆசிரியப் பணியிடங்கள் மட்டுமே காக்கப்பட்டன.

முடிவுரை

1966இல் பொறியின் குறைபாடு மொழிக்கல்விக்கு அரணாக அமைந்தது. இன்று அவ்வரண் இல்லை. செய்தியைப் பெறுவதே மொழி கற்பதன் நோக்கமெனக் கொண்டால், துறைகளைக் காக்க வலுவான வாதம் எஞ்சாது. உறவையும் சூழலையும் உணர்ந்து சொல்லைத் தேர்வதே நோக்கமெனின், தேர்வு முறையும் அதற்கேற்ப மாற வேண்டும். வீட்டில் எழுதிவரும் கட்டுரையைவிட நேர்முக உரையாடலுக்கும், பொறிமொழிபெயர்ப்பைத் திறனாய்ந்து திருத்தும் பயிற்சிக்கும் மதிப்பெண்ணில் முதன்மை தருவது அதன் முதற்படியாகும்.