நீர்வடிப்பகுதி நீரோட்ட மாதிரி

ஓர் ஓடைக்கு வடியும் நிலத்தில் பெய்த மழையில் எவ்வளவு வழிந்தோடியது, எவ்வளவு மண்ணில் தங்கியது, பயிர் எவ்வளவு உறிஞ்சியது, கிணற்றுக்கு எவ்வளவு இறங்கியது என்று நாள்வாரியாகக் கணக்கிடும் கணினி நிரல். வேளாண் நிலத்தில் பயிரும் உழவும் வரப்பும் இக்கணக்கில் சேரும்.

முன்வரலாறு

கணினி வருமுன்பே இக்கணக்கு மேற்கு, மத்திய இந்தியாவில் தொடங்கிவிட்டது. நாக்பூர் அருகே சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரப்பு வடியும் சிற்றாறு ஒன்றில் 1869இலும் 1872இலும் எடுத்த அளவுகளிலிருந்து, மழையில் எத்தனை விழுக்காடு ஓடிவரும் என்று பின்னி என்பவர் அட்டவணையிட்டார். ஸ்டிரேஞ்ச் 1892இல், இன்றைய மகாராஷ்டிர–கர்நாடக எல்லைப்புறத் தரவுகளைக் கொண்டு நீர்வடிப்பகுதிகளை நல்லது, நடுத்தரம், மோசம் என மூன்றாக வகுத்தார். இங்கே ‘நல்லது’ என்பது நீரைத் தேக்கத்துக்கு வழியவிடும் நிலம். மழையைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் மண் ‘மோசம்’ ஆயிற்று. உழவர் கண்ணுக்கு இது தலைகீழ் வகைப்பாடு. சென்னை மாகாணத்தில் ரைவ்ஸ் 1884இல் தந்த வாய்பாடு வெள்ள உச்சத்தைச் சொல்வது. ஏரிக் கலிங்கின் அளவை முடிவுசெய்ய உதவியது.

இவர்களுள் இங்கிலிஸ், டிசோசா இருவரின் பணியே சிறந்தது. மேற்கு இந்தியாவில் 53 இடங்களில் எடுத்த ஓட்ட அளவுகளைக் கொண்டு 1929இல் மலைக்கும் மேட்டுநிலத்துக்கும் தனித்தனி வாய்பாடு தந்தனர். அதன்படி மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டுக்கு 250 செ.மீ. பெய்தால் 182 செ.மீ. ஓடிவிடும். தக்காண மேட்டுநிலத்தில் 75 செ.மீ. மழைக்கு 17 செ.மீ. மட்டுமே ஓடும்.

கணினியில் முதல் முழுமையான மாதிரி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிராஃபோர்டும் லின்ஸ்லியும் 1966இல் வெளியிட்டது. அமெரிக்க வேளாண் துறையில் ஜெஃப் ஆர்னால்ட் உருவாக்கிய ‘ஸ்வாட்’ 1990களில் வந்தது.

அமைக்கும் முறை

நில உயர வரைபடத்திலிருந்து ஓடைகளும் எல்லையும் வரையப்படுகின்றன. மண், சரிவு, நிலப்பயன்பாடு ஒத்த துண்டுகள் பிரிக்கப்பட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘வளைவு எண்’ தரப்படுகிறது. எண் கூடினால் வழிந்தோட்டமும் கூடும். ஓட்டம் தொடங்குமுன் நிலம் பிடித்துக்கொள்ளும் பங்கு அமெரிக்க முறையில், நிலம் கொள்ளக்கூடிய உச்ச அளவில் 0.2 மடங்கு. இந்தியாவுக்கு 0.3 என்பதே பொருந்தும். ஈரமேறிய கரிசலுக்கு மட்டும் 0.1. இந்தச் சிறு எண்ணை அலட்சியம் செய்யலாகாது. வளைவு எண் 80, மழை 60 மி.மீ. என்று வைத்தால், 0.3க்கு 16 மி.மீ. ஓடும், 0.1க்கு 24.5 மி.மீ. எக்டேருக்குச் சுமார் 85,000 லிட்டர் வேறுபாடு: ஒரு பண்ணைக்குட்டையின் தேவையையே மாற்றிவிடும் அளவு.

இறுதியாக, ஓடையில் அளந்த ஓட்டத்தோடு ஒப்பிட்டு எண்கள் திருத்தப்படுகின்றன. சிற்றோடைகளில் அளவுமானிகள் அரிது. அளக்காத ஓடைக்கு எத்தனை நுணுக்கமான மாதிரி போட்டாலும் அது ஊகமே. அங்கே எளிய மாதிரியே ஏற்றது.

இன்றைய நிலை

மும்பை ஐஐடி, உலக வங்கி உதவியுடன் 2018இல் தொடங்கிய மகாராஷ்டிர அரசின் ‘போக்ரா’ திட்டத்துக்காக நீர்ச் சமநிலை மாதிரி ஒன்றை உருவாக்கியது. 5,000க்கும் மேற்பட்ட ஊர்களை உள்ளடக்கிய அத்திட்டத்தில் ஊர்வாரி நீர்க்கணக்குக்கு அது பயன்பட்டது.