பழம் படைக்கலங்களின் மதிப்பு

திருமலைக்கு வரும் அன்பர்களுள் பெரும்பாலோர் வேங்கடவனை வழிபட்டதும் ஊர் திரும்பிவிடுவர். திருப்பதிக்கு அருகில், பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் உள்ள சந்திரகிரிக் கோட்டையைக் காணச் செல்வோர் சிலரே. விசயநகரப் பேரரசின் இறுதிக் காலத்தில் தலைநகராக விளங்கிய ஊர் அது. 1639-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சென்னையில் கோட்டை கட்ட இடமளித்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர், சந்திரகிரி அரசருக்கு உட்பட்டவரே. சென்னை நகரின் தோற்றத்தோடு தொடர்புடைய இவ்வூரைத் தமிழர் மறத்தல் ஆகாது.

அக்கோட்டையினுள் இருக்கும் இராச மகால் இன்று மத்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகமாக உள்ளது. கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் வைக்கப்பட்டுள்ள அவ்விடத்தில் வாள், குத்துவாள் முதலிய படைக்கலங்களும் இருக்கின்றன. சிலைகளின்முன் நெடுநேரம் நிற்பவர்களும் வாள்களை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். துருவேறிய இரும்பில் காண்பதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணுகின்றனர் போலும். அந்த இரும்பின் மதிப்பு யாது, அதனை அறிவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

சித்தூர்ப் பகுதி, மைசூர் மேட்டு நிலத்தினின்று ஆர்க்காட்டுச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்களைக் கொண்ட நாடு. ஆதலால் படைகள் பலவும் இவ்வழியே வந்தன. 1740-ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமல்செருவுக் கணவாயில் மராத்தியரோடு பொருது, ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலி உயிர் துறந்தார். 1782-இல் சந்திரகிரி, ஐதர் அலியின் வசமாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள், சித்தூருக்கு அருகில் நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஐதர் காலமானார். மகன் திப்பு வந்து சேரும் வரை, படைவீரர் அறியாதவாறு அச்செய்தி மறைத்து வைக்கப்பட்டது. 1792 வரை சந்திரகிரி மைசூர் ஆட்சியில் இருந்தது. பின்னர், 1804-இல் சித்தூர்ப் பாளையக்காரர்கள் கும்பினியாரை எதிர்த்து எழுந்து அடக்கப்பட்டனர். இவ்வாறு மராத்தியர், நவாபு, மைசூரார், பாளையக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரின் ஆயுதங்களும் இம்மண்ணில் புழங்கின.

அவையெல்லாம் எங்கே போயின? பெரும்பகுதி அழிந்தது என்பதே விடை. 1801 டிசம்பரில், தென்பாண்டிச் சீமைப் பாளையக்காரர் போர் முடிந்ததும், ஆளுநர் எட்வர்டு கிளைவு அங்குள்ளோர் ஆயுதம் தாங்கக் கூடாதென அறிக்கை வெளியிட்டார். மக்களிடமிருந்து படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. தஞ்சையின் கதை இன்னும் வருந்தத்தக்கது. 1855-இல் மன்னர் சிவாசி ஆண் வாரிசின்றி மறைந்தபின் அந்நாடு கும்பினியாரைச் சேர்ந்தது. பல தலைமுறைகளாக அரண்மனை ஆயுதசாலையில் சேர்ந்திருந்த படைக்கலங்கள் கலைக்கப்பட்டன. ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. எஞ்சியவற்றுள் மிகப் பல உடைக்கப்பட்டு, வெறும் உலோகமாக விலைபோயின. அன்று தப்பியவற்றைச் சென்னை எழும்பூரில் இன்றும் காணலாம். தஞ்சைக் கட்டாரிகள் சில கடல் கடந்து, நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தையும் அடைந்துள்ளன.

எடைக்கு விற்ற பொருளையே உலகம் பின்னர்ப் பொன்போல் போற்றியது ஏன்? முதற் காரணம், அதன் செய்தொழில். தென்னாட்டுக் கொல்லர், இரும்பைக் கரிப்பொருளோடு மண் மூசையில் இட்டு மூடி, உருக்கி எஃகு செய்தனர். அவ்வுருக்கினால் அடித்த அலகில், நீரலை போன்ற வரிகள் இயல்பாகவே தோன்றும். ஐரோப்பியர் அதனை ‘ஊட்சு’ என வழங்கினர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைக்கேல் பாரடே போன்ற அறிஞரும் அதனை ஆராய்ந்தனர். தஞ்சைக் கட்டாரிகளிலோ, ஐரோப்பிய அலகை வாங்கி, நம்மவர் செய்த கைப்பிடியில் பொருத்தியவையும் பல. ஆகவே அலகையும் பிடியையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும். பழைய பிடியில் புதிய அலகைப் பொருத்தியும், அமிலத்தால் பொய் வரிகளை எழுதியும் ஏமாற்றுவோர் உண்டு.

இரண்டாவது காரணம், அதன் வரலாறு. திப்புவின் படுக்கையறையில் இருந்ததாகக் கூறப்படும் வாள் ஒன்று, 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் தளபதி பெயர்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது. அது 2023 மே மாதத்தில் இலண்டனில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று. அதே வேலைப்பாடு உடைய, ஊரும் பேரும் தெரியாத வாளுக்கு அவ்விலையில் மிகச் சிறு பங்கேனும் கிடைப்பது அரிது. யாருடையது, எங்கிருந்தது, எக்கைகளில் மாறியது என்னும் தொடர்ச்சியே விலையை உயர்த்துகிறது. வரலாற்று மாணவருக்கும் அத்தொடர்ச்சியே வேண்டுவது. அஃது அறுந்தால், பொருள் இருந்தும் ஊமையாகிவிடுகிறது.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களே, இச்செய்தி உங்களையும் தொடுவதாகும். பிழைப்பின்பொருட்டு ஊரை விட்டு வந்தோர் பலரின் பூர்வீக வீடுகளில், பூசையறையிலோ பரணிலோ ஒரு பழைய வாளோ ஈட்டி முனையோ கிடத்தல் கூடும். ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனம் இட்டோர் இன்று முதியோராகிவிட்டனர். வீட்டை விற்கும் நாளில் அப்பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேருகிறது. தஞ்சை ஆயுதசாலைக்கு நேர்ந்த கதியை நம் வீட்டில் நாமே நிகழ்த்தலாமா?

அத்தகைய பொருள் கிடைத்தால், புளியிட்டும் உப்புத்தாள் கொண்டும் தேய்க்கற்க. தேய்த்தால் நீரலை வரிகளும் எழுத்துகளும் அழிந்துபோம். வெந்நீரில் இடற்க, பல வாள்களின் பிடி அரக்கினால் பொருத்தப்பட்டிருத்தலால் கழன்றுவிடும். மென்மையான துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தலே போதும். நூறாண்டைக் கடந்த தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பழைய துப்பாக்கியாயின், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தையும் கருதுதல் வேண்டும். பழுது பார்த்தாலும் சுட இயலாத பழம்பொருளுக்கே அச்சட்டம் விலக்களிக்கிறது. ஐயமிருப்பின் காவல் நிலையத்தாரிடமும் அருங்காட்சியகத்தாரிடமும் கேட்டறிக.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது வீட்டு முதியோரிடம் அமர்ந்து, இவ்வாள் யாருடையது, எவ்வாறு வந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அவ்வாறே ஒரு தாளில் எழுதி, நாளிட்டு, வாளோடு சேர்த்து வைத்திடுக. இரும்பு துருவேறினாலும் மேலும் நூறாண்டு நிற்கும். அதனை அறிந்தவரின் நினைவு அத்துணைக் காலம் நில்லாது. திருப்பதிக்கு வரும் நாளில், ஒரு பொழுதேனும் சந்திரகிரிக்கும் சென்று வருக.