புதுக்கோட்டை அறிவொளி இயக்கம்: கற்பித்தலும் கற்றல் அடைவும்

முன்னுரை

முதியோர் கல்வியின் வளர்ச்சி பெரும்பாலும் திறக்கப்பட்ட மையங்களின் எண்ணிக்கையாலும் சேர்ந்தோர் தொகையாலும் அளக்கப்படுகிறது. சேர்ந்தவர் என்ன கற்றார், கற்றதைக் கொண்டு என்ன செய்தார் என்னும் இரு வினாக்கள் அவ்வெண்ணிக்கைகளுள் மறைந்துவிடுகின்றன. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தை இவ்வினாக்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மையத்திலிருந்து அடைவுக்கு

1978 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்ட தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம், 15 முதல் 35 வயது வரையிலான 10 கோடிப் பேரை எழுத்தறிவு பெறச் செய்வதை இலக்காகக் கொண்டது. சிறு மதிப்பூதியம் பெறும் பயிற்றுநர் ஒருவர் ஏறத்தாழ 30 பேருக்குக் கற்பிக்கும் மையமே அதன் அடிப்படை அலகு. மையம் இயங்குவதே திட்டத்தின் வெற்றியாகக் கருதப்படுவதற்கு இவ்வமைப்பு இடமளித்தது.

1988 மே 5ஆம் நாள் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் அளவுகோலைக் கற்போர் பக்கம் திருப்பியது. நிமிடத்திற்கு 30 சொற்களை வாய்விட்டும் 35 சொற்களை மௌனமாகவும் படித்தல், 7 சொற்களைப் பார்த்தும் 5 சொற்களைச் சொல்லக் கேட்டும் எழுதுதல், 1 முதல் 100 வரை எண்களை அறிதல் முதலியன எழுத்தறிவின் வரையறைகளாயின. இவற்றை ஏறத்தாழ 200 மணி நேரத்தில் எட்டும் வகையில் படிப்படியான மூன்று பாடநூல்கள் வகுக்கப்பட்டன. பாடம், பயிற்சி, தேர்வு மூன்றும் ஒரே நூலுக்குள் அமைந்ததால், கற்பவர் தம் முன்னேற்றத்தைத் தாமே அறிய இயன்றது. பயிற்சி பெற்ற ஆசிரியர் அல்லாத தொண்டரும் இந்நூலின் துணையால் பாடத்தை ஒழுங்காக நடத்த முடிந்தது.

மிதிவண்டியும் கற்றலும்

பாடநூல் செம்மையுற்றாலும், கற்பிப்பவர் சிற்றூர்களைச் சென்றடைவதும் கற்பவர் வீட்டைவிட்டு வெளிவருவதும் தனிச் சிக்கல்களாகவே இருந்தன. புதுக்கோட்டையில் மாவட்ட நிர்வாகமும் தன்னார்வத் தொண்டர்களும் இணைந்து நடத்திய இயக்கம் இதற்கு விடை தேடியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பிப்பதை எழுத்தறிவுப் பணியின் ஒரு கூறாகவே இணைத்தார். மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்யப்பட்டது. பெண்களுக்கான மிதிவண்டிகள் போதாத நிலையில் பலர் ஆண்கள் மிதிவண்டியிலேயே பழகினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்வதும் அவர்களுக்கு வசதியாயிற்று. பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திராமல் வகுப்புக்கும் சந்தைக்கும் வேலைக்கும் சென்றுவர இது துணைபுரிந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இம்மாற்றத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

இதே காலத்தில் கல் குவாரிகளைக் கூலிப் பெண்களின் குழுக்கள் குத்தகைக்கு எடுத்து நடத்தின. அங்கே எண்ணும் எழுத்தும் தேர்வுக்குரியனவாக மட்டும் நின்றுவிடவில்லை. குத்தகை, கூலி, விற்பனை ஆகியவற்றின் கணக்கைப் பிறரை நம்பாமல் சரிபார்க்கும் தேவையோடு அவை பிணைந்தன.

முடிவுரை

நிமிடத்திற்கு 30 சொற்கள் என்னும் வரையறை கற்பித்தலுக்குத் தெளிவான இலக்கைத் தந்தது. அதன் பயன் மறுக்கத்தக்கதன்று. எனினும் தனியே ஊர் சென்று மீளும் துணிவையோ, கணக்கில் பிழையைக் கண்டு கேள்வி கேட்கும் உரிமையுணர்வையோ அது அளக்கவில்லை. மறுபுறம், மிதிவண்டி ஓட்டத் தெரிந்ததாலேயே எழுத்து நிலைத்துவிடும் எனவும் கூற இயலாது. தொடர்ந்து படிக்க வாய்ப்பில்லாத புதுக்கற்போர் கற்றதை மறத்தல் இயல்பு. ஆகவே, கற்றல் அடைவை மதிப்பிடுவோர் தேர்வு மதிப்பெண்ணோடு, கற்றது எங்கே பயன்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எழுத்தைப் பயன்படுத்தும் களத்தை உருவாக்குவதும் கற்பித்தலின் பகுதியே என்பதைப் புதுக்கோட்டை அனுபவம் உணர்த்துகிறது.