சக்கை வரட்டி

சக்கை வரட்டி என்பது பழுத்த பலாச்சுளையின் கூழை வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, நெய்விட்டு, நீர் வற்றும்வரை கிண்டிச் செய்யும் இனிப்பு. கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதை அடுத்த கேரளத்திலும் வீடுகளில் செய்யப்படுகிறது. குமரி மாவட்ட வழக்கில் பலாப்பழத்துக்குச் சக்கை என்று பெயர். செயற்கை நிறமும் மணமும் பதனப் பொருளும் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதால், பருவத்தில் குவியும் பழத்தைப் பருவம் கடந்தும் வைத்து உண்ணும் வழியாக இது நிலைத்திருக்கிறது.

நிலமும் பழமும்

1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணையும்வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூரிலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. சமையல் வழக்கங்கள் பலவும் இரு புறத்துக்கும் பொதுவாக இருப்பதற்கு இதுவே காரணம். நாஞ்சில் நாடு எனப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகள் நெல்வயல்கள் நிறைந்தவை. மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் மேட்டு நிலத்தில் வீட்டு விளைகளில் தென்னை, புளி, மாவுடன் பலாவும் நிற்கும். பலா மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரிய மரம்.

பழங்களில் இரு வகை உண்டு. வருக்கையின் சுளை கெட்டியானது. கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கூழன் பழத்தின் சுளை குழைந்தது, கையாலேயே பிளக்கலாம். வருக்கை நேரடியாகத் தின்னச் சிறந்தது. வரட்டிக்கு இரண்டும் ஏற்றவை என்றாலும், கூழனில் நார் மிகுதி என்பதால் கூழைச் சல்லடையில் தேய்த்து நார் நீக்குவது வழக்கம்.

பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், முளகுமூடு பகுதி மரத்திலிருந்து தேர்ந்தெடுத்த பேச்சிப்பாறை 1 என்ற பலா இரகத்தை 1996ஆம் ஆண்டு வெளியிட்டது. இதன் பழம் சராசரியாக 17 கிலோ எடை இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை முதன்மைப் பருவம், ஆண்டிறுதியில் சிறு பருவம் என இருமுறை காய்க்கும். பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே சுளை. மீதி முள்தோலும் சடையும் தண்டும் கொட்டையும்.

பொருள்கள்

ஒரு கிலோ சுளைக் கூழுக்கு 500 முதல் 750 கிராம் வெல்லம், 100 முதல் 150 கிராம் நெய், சிறிது சுக்குப் பொடி, ஏலக்காய்ப் பொடி ஆகியவை சேரும். சிலர் வறுத்துப் பொடித்த சீரகமும் சேர்ப்பர். பழம் மிகுந்த இனிப்பாக இருந்தால் வெல்லத்தைக் குறைக்கலாம். ஆனால் குறைக்கும் அளவுக்குக் கெடாமல் இருக்கும் காலமும் குறையும். பனை மிகுந்த பகுதிகளில், அக்கானி எனப்படும் பதநீரைக் காய்ச்சி எடுக்கும் கருப்பட்டியில் செய்வதுண்டு. அதில் செய்த வரட்டி நிறம் கறுத்தும் மணம் கூடியும் இருக்கும்.

செய்முறை

பழத்தை வெட்டும் முன் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். இல்லையெனில் பால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். சுளையிலிருந்து கொட்டையையும் அதைச் சூழ்ந்த தோலையும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, குறைந்த நீரில் அல்லது ஆவியில் குழைய வேக வைக்க வேண்டும். ஆறியபின் அரைத்தால் கூழ் கிடைக்கும். ஆட்டுரலின் இடத்தை இன்று மிக்ஸி பிடித்துக்கொண்டது. வெல்லத்தை இளக்கி, மண்ணும் தூசியும் போக வடிகட்டித் தனியே வைக்க வேண்டும்.

அடி கனத்த வெண்கல உருளியில் கூழை இட்டு முதலில் நீர் வற்றக் கிண்டுவர். பிறகு வெல்லப் பாகு சேரும். அப்போது கலவை இளகி, மீண்டும் கொதித்து, குமிழ்கள் வெடித்துச் சூடாகத் தெறிக்கும். ஆகையால் நீண்ட காம்புள்ள மரத்துடுப்பே பாதுகாப்பானது. நெய்யைப் பல தடவையாகப் பிரித்து விட வேண்டும். தீ குறைவாக இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் அடிபிடித்துக் கருகல் மணம் முழுவதிலும் ஏறிவிடும். சில கிலோ கூழ் வற்ற இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

கலவை உருளியின் பக்கங்களை விட்டுச் சுருண்டு, துடுப்போடு உருண்டு வந்து, விட்ட நெய்யைக் கக்கத் தொடங்குவதே பதம். சிறிது எடுத்து ஆறவைத்து உருட்டினால் விரலில் ஒட்டக் கூடாது. சுக்கும் ஏலமும் இறக்கும் தறுவாயில் சேர்ந்தால்தான் மணம் நிற்கும். துண்டுகளாக வேண்டுமெனில் நெய் தடவிய தட்டில் அரை அங்குலக் கனத்தில் பரப்பி, ஆறியபின் வெட்டி, ஓரிரு நாள் வெயிலில் காயவைத்தால் மிட்டாய்போல் மென்று தின்னும் பதம் வரும்.

கெடாமல் இருப்பதன் காரணம்

பலாச்சுளையில் 100 கிராமுக்கு 73 கிராமுக்கு மேல் நீர் உள்ளது. சர்க்கரை 19 கிராம். கிண்டும்போது நீரின் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. எஞ்சிய நீரையும் பழச் சர்க்கரையும் வெல்லமும் பிடித்துவைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்குப் பயன்படும் நீர் மிகக் குறைவு. இவ்வளவு குறைந்த நீரில் பாக்டீரியாக்கள் வளர்வதில்லை. பூஞ்சைகளிலும் வறட்சியைத் தாங்கும் சில மட்டுமே வளர முடியும். நீண்ட நேரச் சூடும் பழத்திலிருந்த உயிரிகளை அழிக்கிறது. வெல்லமும் பழச் சர்க்கரையும் சூட்டில் அடையும் மாற்றங்களே கரும்பழுப்பு நிறத்துக்கும் தனி மணத்துக்கும் காரணம்.

கொய்யாவில் செய்யும் பழப்பாகு உறைவதும் வரட்டி கெட்டிப்படுவதும் ஒரே விதமல்ல. பெக்டின் என்ற பொருள் கூழாக உறைய மிகுந்த சர்க்கரையோடு புளிப்பும் வேண்டும். பழுத்த பலாவில் புளிப்பு மிகக் குறைவு. எனவே வரட்டியின் கெட்டித்தன்மை செறிந்த சதையிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் வருகிறது. பெக்டின் அதற்குத் துணை நிற்கிறது.

சேமிப்பு

முற்றிலும் ஆறியபின் ஈரமற்ற பீங்கான் பரணியிலோ கண்ணாடிக் குப்பியிலோ அடைத்து, மேலே உருக்கிய நெய் ஊற்றி மூடுவர். ஈரக் கரண்டி படக் கூடாது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெறும் மாவட்டம் என்பதால் காற்றின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்து மேற்புறம் கசிவதுண்டு. அப்போது மீண்டும் உருளியில் இட்டுக் கிண்டி எடுப்பர். பதம் சரியாக இருந்தால் அடுத்த சக்கைப் பருவம்வரை இருக்கும். பூஞ்சை படிந்தாலோ, நெய் சிக்கு வாடை அடித்தாலோ, புளித்துக் குமிழ் விட்டாலோ உண்ணத் தகாதது.

பயன்கள்

அப்படியே உண்பதோடு, தேங்காய்ப்பாலில் கரைத்துச் சக்கைப் பிரதமன் என்னும் பாயசம் காய்ச்சுவது முதன்மைப் பயன். திருமண விருந்திலும் ஓணத்திலும், பழம் கிடைக்காத காலத்தில் பிரதமனுக்குக் கைகொடுப்பது வரட்டியே. அரிசி மாவும் தேங்காய்த் துருவலும் கலந்து இலையில் பொதிந்து அவிக்கும் அடைக்கும் இது பூரணமாகிறது.

ஒத்த இனிப்புகளும் பழ மிட்டாயும்

ஆந்திரத்தின் மாம்பழத் தாண்ட்ரா, கோவாவின் கொய்யா இனிப்பான பெராடா, பிரேசிலின் கோயாபாடா, ஸ்பெயினின் மெம்பிரியோ ஆகியவை பழத்தின் நீரை வற்றவைத்துச் செய்யும் அதே இனத்தவை. 1922இல் ஜெர்மனியின் ஹரிபோ நிறுவனம் கரடி வடிவில் கொண்டுவந்தது போன்ற மிட்டாய்கள் வேறு இனம்; இன்று அவற்றுக்கு இழுபடும் தன்மை தருவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்.

வீட்டில் சைவமாக அத்தகைய மிட்டாய் செய்ய அகர் அகர் உதவும். மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் மரிக்கொழுந்துப் பாசி அதற்கு மூலப்பொருள்களுள் ஒன்று. அகரை நீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, பலாக்கூழோ மட்டி வாழைப்பழக் கூழோ கலந்து அச்சில் ஊற்றினால், அறை வெப்பத்திலேயே உறையும். உறைந்தது மீண்டும் இளக ஏறத்தாழ 85 பாகை செல்சியஸ் வேண்டும். ஜெலட்டின் உடல் வெப்பத்திலேயே உருகும். குமரியின் ரப்பர்த் தோட்டங்களில் ஊடுபயிராகும் அன்னாசியைப் பச்சையாக ஜெலட்டினில் சேர்த்தால் அது உறையாது. பழத்திலுள்ள புரோமிலைன் நொதி புரதத்தைச் சிதைத்துவிடும். அகர் புரதம் அல்லாததால் இச்சிக்கல் அதற்கு இல்லை. இவ்வகை மிட்டாயில் நீர் மிகுதி. ஆகவே வரட்டியைப்போல் வெளியில் வைக்க முடியாது, குளிர்பெட்டியில் வைத்துச் சில நாளில் உண்டுவிட வேண்டும்.