ஊசியில் பின்னிய மார்பு
1/ மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிஞ்ச அக்காக்கள் பலர் ரவிக்கைக்குள்ள பழைய துணியைச் சுருட்டி வைப்பாங்க. பஸ் ஏறினா அது நகர்ந்துடும். அதுக்குப் பயந்தே கல்யாணம் காட்சிக்குப் போறதை விட்டவங்க உண்டு.

2/ சிலிகான் மார்பு கடையில் கிடைக்குது. ஆனா விலை ஆயிரக்கணக்கில், கனமும் அதிகம். நம்ம குமராட்சி சித்திரை வெயிலுக்கு வேர்த்துக் கொட்டும்.

3/ இதுக்கு வழி பின்னல் ஊசியில் பிறந்தது. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த பெரில் சாங், தானே மார்பகம் இழந்தவர். நூலில் ஒரு மார்பைப் பின்னி, அந்தச் செய்முறையை 2005-இல் 'நிட்டி' இணைய இதழில் எல்லாருக்கும் கொடுத்தார்.

4/ 2011-இல் அமெரிக்காவின் பார்பரா டெமோரெஸ்டுக்கு மார்பகம் அகற்றப்பட்டது. பின்னல் மார்பை அவருக்குக் காட்டியது அவருடைய டாக்டர்; பின்னித் தந்தது தோழி. பிறகு தன்னார்வலர்களைச் சேர்த்து 'நிட்டட் நாக்கர்ஸ்' என்ற பெயரில் இலவசமா அனுப்ப ஆரம்பிச்சார்.

5/ இந்தியாவில் மும்பையின் சாயிஷா இந்தியா அறக்கட்டளை இதை இலவசமா பின்னித் தருது. பருத்தி நூல், உள்ளே செயற்கைப் பஞ்சு. பஞ்சைக் கூட்டிக் குறைச்சு அளவு பார்த்துக்கலாம். துவைச்சுக் காயப்போடலாம்.

6/ கட்டி முழுசா வந்துச்சான்னு பார்க்கிற டாக்டர்கள் நாங்க, ரவிக்கை பொருந்துதான்னு கேட்கிறது குறைவு. கேட்டவங்க, பின்னத் தெரிஞ்ச பெண்கள். தேவைப்படுறவங்களுக்குச் சொல்லுங்க. புண் ஆறினபிறகு, சர்ஜனைக் கேட்டுட்டுப் போட்டுக்கட்டும்.