சைவ நாற்பாதங்கள்
சைவ நாற்பாதங்கள் என்பன, உயிர் படிப்படியாகப் பக்குவமடைந்து சிவப்பேறு எய்தச் சைவ சித்தாந்தம் வகுத்த சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு நெறிகள். இவை முறையே தாச மார்க்கம், சற்புத்திர மார்க்கம், சக மார்க்கம், சன்மார்க்கம் எனவும் பெயர்பெறும்.

சரியை, உடலால் ஆற்றும் தொண்டு: கோயிலை அலகிடல், மெழுகல், பூத்தொடுத்தல், விளக்கிடல், அடியாரைப் பணிதல். 'யான்', 'எனது' என்னும் செருக்கு தேயத் தொடங்குவது இங்கேதான். ஆகவே இதை எளிய தொடக்கநிலை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கிரியை, அகத்தும் புறத்தும் செய்யும் பூசை. யோகம், புலனடக்கித் தியானித்தல். ஞானம், பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என்னும் முப்பொருளின் இயல்பை உணர்தல். இவற்றின் பயன்கள் முறையே சாலோகம் (சிவனுலகில் இருத்தல்), சாமீபம் (சிவனருகில் இருத்தல்), சாரூபம் (சிவனுருப் பெறுதல்), சாயுச்சியம் (சிவனோடு ஒன்றுதல்). முதல் மூன்றும் இடைநிலைப் பேறாகிய பதமுத்தி, இறுதியானதே முடிந்த வீடுபேறாகிய பரமுத்தி.

திருமந்திரத்தின் ஐந்தாம் தந்திரமும், அருணந்தி சிவாசாரியார் (13ஆம் நூற்றாண்டு) இயற்றிய சிவஞான சித்தியாரின் எட்டாம் சூத்திரமும் இவற்றை விளக்குகின்றன. ஞானநிலை எய்தியவர் நான்கு நெறிக்கும் உரியவர். சரியையில் நிற்பவர் அதற்கு மட்டுமே உரியவர் என்பது சித்தியாரின் கொள்கை. உழவாரப் பணி செய்த திருநாவுக்கரசரைச் சரியைக்கும், சம்பந்தரைக் கிரியைக்கும், சுந்தரரை யோகத்துக்கும், மாணிக்கவாசகரை ஞானத்துக்கும் எடுத்துக்காட்டாகக் கூறுவது சைவ மரபு.